பயணியாக அன்றி

பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது அது.
எழுத்து எறும்பளவு.
"கட்டணம் செலுத்திய பயணியாக அன்றி
வேறெவ்விதத்திலும் வானில் செல்லுதல்
இக்காப்புறுதியில் அடங்காது."

பயணி என்றால் சரி.
ஜன்னலோரம் உட்கார்ந்து
தட்டில் வந்த பணிஸைத் தின்றுவிட்டுத்
தூங்கினால் நான் பெறுமதியானவள்.
கைப்பிடியைப் பிடித்தால்
அந்தக் கணத்திலிருந்து ஒரு விலக்கு.

பண்டாரவளையில், இரும்புக்கடை மாடியில்
நஸ்மியின் அலுவலகம்.
"டீச்சர், மலையேறுறதுக்கு இருக்கு,
நீர்ச்சறுக்குக்கு இருக்கு,
ஒட்டகத்தில போறதுக்குக்கூட இருக்கு.
நீங்களே ஓட்டுற பிளேனுக்கு..."
பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போனான்.
நான் இருந்தது
யுத்தத்துக்கும் தற்கொலை முயற்சிக்கும் நடுவில்.

ரத்மலானையில் பதினோரு வருடம்.
மிச்சம் பிடித்த மாதம் ஒரு மணித்தியாலம்,
பிடிக்காத மாதம் வேலியோரம் நின்று பார்ப்பது.
இரவு ரயிலில் இறங்கி, காலையில் பறந்து,
திங்கள் முதற்பாடத்தில்
தரம் பதினொன்றுக்குத் திரிகோண கணிதம்.
அனுமதிப்பத்திரம் பர்ஸில் இருக்கிறது,
மக்கள் வங்கி அட்டைக்குப் பின்னால்.

ஆகஸ்ட் விடுமுறைக்குத் தென்னாபிரிக்கா.
புல் ஓடுபாதையுள்ள ஒரு சின்னப் பறப்புக் கழகம்,
இங்கே ஒரு மணித்தியாலக் காசுக்கு
அங்கே ஒன்றேமுக்கால்.
பிளேனுக்குக் காப்புறுதி அவர்களிடம் உண்டு.
உடைந்தால் பிளேனைப் பார்த்துக்கொள்வார்கள்.
உடைந்தால் என்னை?

கொழும்பில் ஐந்து கம்பனிக்கு எழுதினேன்.
இரண்டு பதில் போடவில்லை.
ஒன்று கணவரின் சம்மதக் கடிதம் கேட்டது,
கணவர் இல்லை என்றதும் அதுவும் மௌனம்.
ஒன்று சொன்ன விலைக்கு
ஒரு பக்கத்து இறக்கையை வாங்கலாம்.
கடைசியில் ஒரு பெண் குரல், துலானியாம்,
சிங்களத்தில், ரகசியம் போலக் கேட்டாள்:
"மிஸ், மேலே போனால் பயமாக இல்லையா?"
அதற்குப் படிவத்தில் இடமில்லை.
அரைமணி நேரம் பேசினோம்.

வீட்டுக்கும் இப்படிக் கேட்டு அலைந்தவள்தான்.
மூன்று வருடத்துக்கு முன், ஹப்புத்தளையில்,
பின்சுவர் விரல் நுழைய வெடித்த மழை.
சிவப்பு அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள்.
அப்போதும் நஸ்மிதான்:
"மண்சரிவு இதில வராது டீச்சர்."
மண்ணுக்கு அது தெரியவில்லை.

தரையும் விலக்கு, வானும் விலக்கு.
இடையில் என்ன பாக்கி?
பெரகலை வளைவில், மூடுபனிக்குள்,
ஒரு கையால் வெற்றிலை மடித்தபடி
டிரைவர் ஓட்டும் பஸ்.
அதற்கு உண்டு.
அதில் நான் கட்டணம் செலுத்திய பயணி.

நஸ்மியின் மச்சான் டோஹாவிலிருந்து
தேடிக் கொடுத்தான் கடைசியில் ஒன்றை.
பகலில் மட்டும். ஒற்றை எஞ்சின்.
வித்தை காட்டக் கூடாது.
சம்பளத்துக்குப் பறக்கக் கூடாது
(யார் தருகிறார்கள்?).
எலும்புக்கு உண்டு, ஆஸ்பத்திரிக்கு உண்டு,
உடலை ஊருக்குக் கொண்டுவரவும் உண்டு.
ஊர் என்ற இடத்தில் ஹப்புத்தளை என்று எழுதினேன்,
அதுவரை வீடு அங்கேயே இருக்கும் என்று நம்பி.

பதினான்கு நாளுக்கு
இருபத்தோராயிரத்து நானூறு ரூபா.
பேரம் பேசினேன். ஆமாம், இதற்கும் பேசினேன்.
ஆஸ்பத்திரித் தொகையைப் பாதியாக்கினால் பதினெட்டு.
சரி, வலது காலை மட்டும்
முறித்துக்கொள்கிறேன் என்றேன்.
நஸ்மி சிரிக்கவில்லை.

உயரம் என்று ஒரு கட்டம்.
நாலாயிரத்து ஐந்நூறு அடி என்று எழுதினேன்.
வழக்கமாகப் பறக்கும் உயரம்,
எங்கள் குசினியை விடக் கொஞ்சம் தாழ்வு.
பேனையை எடுத்த பிறகுதான் கண்டேன்,
அடுத்த கட்டத்தில்: நிறை, கிலோகிராம்.

வெட்டிவிட்டு ஐந்தடி இரண்டங்குலம் என்று திருத்தினேன்.
"வெட்டிக் கொத்தினா எடுக்க மாட்டாங்க டீச்சர்"
என்று நஸ்மி புதுத் தாளொன்றை நீட்டினான்.

கீழே ஹற்றன் பஸ்காரன் கத்திக்கொண்டிருந்தான்.
முதலிலிருந்து மறுபடி:
முழுப்பெயர்.