ஐந்தாம் தொட்டி

எஞ்சின் இல்லை இதற்கு இப்போது.
போன மாதம் மேல்தளத்தை அறுத்து
கிரேனில் தூக்கிக் கரையில் வைத்தார்கள்.
பாவுச்சா தக்காவின் எண்ணெய்த் தண்ணீரில்
ஒரு முழம் நிமிர்ந்துகொண்டது படகு,
மூட்டை இறக்கியவன் முதுகு மாதிரி.

தண்ணீர்ப் படகு.
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு
இடத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களுக்கு
உப்பின் மேலே ஊர்ந்துபோய்
குடிதண்ணீர் விற்றது, அறுபத்தெட்டு வருஷம்.
ஆறு தொட்டிகள், தொட்டிக்கு நாற்பது டன்.
‘கடல் நடுவே தாகம்’ என்று
முதல் அறைக்குத் தலைப்பு கொடுத்தேன்.
குழு அடித்துவிட்டது.
கவிதை மாதிரி இருக்கிறதாம்.

என் வேலை பலகைகள்.
ஒன்றுக்கு நாற்பது சொல், மூன்று மொழி.
மராத்தியில் நீளும், இந்தியில் நெளியும்,
ஆங்கிலத்தில் கச்சிதமாக மழுப்பும்.
தமிழுக்கு இடமில்லை.
அதனால்
சொல்லக்கூடாததையெல்லாம் தமிழில் வைத்திருக்கிறேன்.

பார்வையாளர்கள் நுழைய
இரண்டாம் தொட்டியில் கதவு வெட்டியது இசக்கிமுத்து.
தாராவி, தொண்ணூறடி ரோடு.
முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னான்:
“எங்க தெருவுல காலையில நாலரைக்கு வரும், இருபது நிமிஷம்.
இந்த ஒரு தொட்டி இருந்தா
எங்க லைன் மொத்தமும் ஒரு வாரம் குளிக்கலாம்.”
எண்ணிப் பார்த்தேன். பதினேழு சொல்.
இன்னும் இருபத்துமூன்று மிச்சம் இருந்தது,
சேர்க்க எதுவும் கிடைக்கவில்லை.

உள்ளே டார்ச் அடித்தால்
சிமெண்டுப் பூச்சில் வெள்ளை அளவுக்கோடுகள்.
பக்கத்திலேயே ஆணியால் கீறிய சின்னக் கோடுகள்,
எந்த அளவோடும் சேராமல்.
கடைசி சரங் யாகூப் பர்காரை
ரேவ்தண்டாவிலிருந்து டாக்ஸி வைத்து வரவழைத்தோம்.
தடவிப் பார்த்துச் சிரித்தார்.
“திருட்டுக் கணக்கு.
கப்பலுக்கு நாற்பது என்று எழுதுவோம்,
முப்பத்தெட்டு போகும்.
மிச்சம் ராத்திரி, தாருகானா குடிசைகளுக்கு,
குழாய் போட்டு.”
காசுக்கா என்று கேட்டேன்.
“காசுக்குத்தான். பின்னே, புண்ணியத்துக்கா?”

அந்தக் கோடுகளின் மேல் பெயிண்ட் அடிக்கச் சொன்னது குழு.
பெயிண்ட் வந்து சேரவில்லை, இன்றுவரை.

பிறகு சர்வேயர் வந்தார், நவாஸ் துபாஷ்.
பழைய கம்பளிச் சட்டைக்காரி, மே மாதத்திலும்.
படகு இலேசாகிவிட்டது என்றார்.
புகைப்படங்களுக்கு எடை கிடையாது,
ஜூன் காற்றுக்கு ஒரு பக்கம் படுத்துவிடும்.
கான்கிரீட் ஊற்றலாமே என்றார் பொருளாளர்.
ஊற்றலாம், அப்புறம் அது படகில்லை,
நனைந்த கட்டடம்.
இரும்புக்கட்டிக்குப் பணம் இல்லை.
கடல்நீர் உள்ளிருந்தே தின்னும்.
எல்லோரும் டீ குடித்து முடித்த பிறகு
அவரே சொன்னார்:
நடுவில் இருக்கும் ஐந்தாம் தொட்டியில்
நல்ல தண்ணீர். விளிம்புவரை.
பாதி நிரப்பினால் ஆபத்து,
உள்ளே ஓடி ஓடிப் படகைக் கவிழ்க்கும்.
இதற்கு ஒன்றரைப் பக்கம் சூத்திரம் எழுதினார்.
நிறைகுடம் தளும்பாது என்று
நான் சொல்லவில்லை.
எந்த மொழியில் சொல்ல?

ஞாயிறு காலை நாலு டேங்கர் லாரி.
குழாய் தொட்டிக்குள் இறங்கி
இருட்டில் வெகுநேரம் சத்தம் போட்டது.
படகு மெல்ல, மெல்ல
தன் பழைய நீர்க்கோட்டுக்குத் திரும்பியது.
அதுவரை
அது எவ்வளவு அசௌகரியமாக நின்றிருந்தது என்று
எனக்குத் தெரியவில்லை.

மூடியைப் பற்றவைக்கும் முன்
இசக்கிமுத்து இரண்டு கேன்களை நீட்டினான்.
இருபது லிட்டர், இருபது லிட்டர்.
லாரிக்காரன் வேறுபக்கம் பார்த்தான்.
சர்வேயர் கையெழுத்துக்குப் பேனா தேடினார்.
நாற்பது லிட்டர் குறைந்தால் தளும்பாது,
மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பலகையில்
‘ஐந்தாம் தொட்டி. அனுமதி இல்லை.
கொள்ளளவு நாற்பது டன்’ என்று எழுதினேன்,
மூன்று மொழியிலும்.