நாலு செவ்வாய்

மீன் கல்லில் உரசினால்
விளையாடுது என்று நினைக்கக் கூடாது.
அதற்குச் சொறிய விரலில்லை.

உருத்திரபுரத்தில் எனக்கு ஆறு சீமெந்துத் தொட்டி.
இரண்டில் கப்பி, ஒன்றில் மொலி,
மற்றதெல்லாம் தங்கமீன்.
ஆறும் கடன்காசில் கட்டினது.
ஆறாவதுக்குப் பூச்சு முடிய முன்னமே
முதல் கட்டுக்காசு தொடங்கிவிட்டது.

போன மாரிக்கு
வாய்க்காலில் மிதந்த பாசியை
வடிவாயிருக்கென்று அள்ளிவந்து
கழுவாமல் போட்டவள் நான்தான்.
இரணைமடுவிலிருந்து
நெல்லுக்குப் போகிற தண்ணி.
கூடவே வேறொன்றும் வந்திருக்கிறது.
பத்து நாளில்
செட்டையடியில் வெள்ளை நூல்.
சும்மா இழுத்தால் வராது.
தலை உள்ளே, இறைச்சிக்குள்,
நங்கூரம் மாதிரி விரித்துப் பிடித்திருக்கும்.
நூல் நுனியில் கவராய்த் தொங்குகிறது
முட்டைப் பைகள்.

இதை நான் படித்தது
முப்பத்தொரு மீனுக்குப் பிறகு.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
மதுசாந்தன் வருவான், கொம்பனிச் சேட்டும்
கழுத்தில் அட்டையுமாய்.
ஹோர்ன் அடியான். நல்ல பழக்கம்.
எங்கள் குழுவில் மூன்று பெயர்.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற இருவரும் கட்டவேணும்.
கலாமதி கத்தாருக்குப் போன பிறகு
அவளின்ரையும் எங்கள் தலையில்.
"என்னக்கா செய்யிறது" என்பான்,
ரசீது எழுதிக்கொண்டே.

அன்றைக்குப் புத்தகத்தை எடுக்கவில்லை.
ஹாண்டிலில் ஒரு சொப்பிங் பை,
முக்கால் தண்ணி,
அதுக்குள் பக்கம் சரிந்து ஒரு தங்கமீன்.
"மகளின்ரை, அக்கா. சாப்பிடுதில்லை.
பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கேப்பாள்."

பையை வெயிலுக்குப் பிடித்தேன்.
ஏழு நூல்.
செவுளடியில் ஒரு பேனும்
கண்ணாடிப் பொட்டு மாதிரி
ஊர்ந்துகொண்டு.

"ஈரத்துணியாலை பிடி" என்றேன்.
ஒன்றரை வருசத்தில்
அவனுக்கு நான் சொன்ன முதல் வேலை.
பிடித்தான். நடுங்கினது மீனில்லை.

சாமணத்தால் நூலின் அடியில்,
தோலோடு ஒட்டி,
மெல்ல, நேராக.
பாதியில் அறுந்தால் தலை உள்ளே கிடந்து அழுகும்.
ஏழும் வந்தன.
ஏழாவதுக்குத்தான் அவன் மூச்சு விட்டான்.
காயங்களில் பஞ்சால் கொண்டிஸ், துளித்துளியாய்.
பேனைச் சுரண்டிச் சீமெந்தில் நசித்தேன்.
பேசினில் ஆனையிறவுக் கல்லுப்பு,
பத்து நிமிசம்.
சரிந்தால் உடனே தூக்கவேணும்.
நான் கண்ணெடுக்கவில்லை, அவனும்தான்.

"இனிச் சுகமோ?"

"இல்லை. இது தாய் மட்டும்.
முட்டை உன்ரை வீட்டுத் தொட்டிக்குள்ளை கிடக்கு.
முட்டைக்கு மருந்து ஏறாது.
பொரிக்கப் பொரிக்கப் போடவேணும்.
வாராவாரம். நாலு செவ்வாய்.
ஒண்டு விட்டாலும் திரும்ப முதலிலையிருந்து."

அவன் என்னைப் பார்த்தான்.
நான் சொன்னது மீனைப் பற்றித்தான்.
பிறகுதான் எனக்கும் கேட்டது.

"எவ்வளவு, அக்கா?"

சாமணத்தைக் கொதிதண்ணிக்குள் போட்டேன்.
"எழுதி வைக்கிறன்."
மகனின் பழைய கொப்பியில் கோடு கீறினேன்:
பெயர், திகதி, தொகை, மிச்சம்.
வேறெப்படிக் கீறுவதென்று எனக்குத் தெரியாது.

பிறகு அவன் தன் புத்தகத்தை எடுத்தான்.
கட்டினேன், கலாமதியின் பாதியும் சேர்த்து.
கையெழுத்து வைக்கையில்
விரலின் ஊதா அவன் தாளில் பட்டுவிட்டது.
காயக் காய மண்ணிறமாகும், சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்
பத்தரைக்கே வந்து நிற்கிறான்,
கையில் பை,
பின்சீற்றில் ஒரு சின்னப் பெட்டை.
இறங்கினவள் நேரே தொட்டியடிக்குப் போய்
ஆறையும் எண்ணிவிட்டுக் கேட்கிறாள்,
"இதெல்லாம் உங்கடையோ?"

நான் மதுசாந்தனைப் பார்த்தேன்.
அவன் உப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.