எட்டடிப் பச்சை

எட்டுக்கு எட்டு கித்தான் வேணும் என்றாள்.
அந்த அகலத்தில் ஒரே துணி கிடையாது,
இரண்டைச் சேர்த்துத்தான் தைக்கணும் என்றேன்.
தையல் தெரியாமல் முடியுமா?
வாளையாறில் முப்பது வருஷமாக
லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவனிடம்
கேட்கிற கேள்வியா அது.
மடிப்புக்குள் மடிப்பு வைத்து
மழை கண்டுபிடிக்காத தையலாகப் போட்டுக் கொடுத்தேன்.

பிரசீதா என்று பேர்.
செக்போஸ்ட்டை எடுத்த பிறகு காலியாய்க் கிடந்த
எடைமேடை ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தாள்.
சட்டத்தில் அறைந்ததும் தட்டிப் பார்த்தேன்.
தவில் பேசியது.

வெள்ளை மூன்று பூச்சு. உப்புத்தாள்.
பிறகு, பச்சை என்று சொல்லிக்கொண்டு
கறுப்பைப் பூசினாள்.
மறுநாளும் அதே கறுப்பு.
அதற்கு மறுநாளும்.
கணவாய்க் காற்று சாரலோடு வரும் மாதம்,
ஒரு பக்கம் காயுமுன் மறுபக்கம் காய்ந்துவிடும்.
மேல்மூலை, குளித்துக் கரையேறிய எருமை முதுகு.
கீழ்மூலை, குளிக்காதது.

ஆறாவது பூச்சில் ஒரு ஈசல் ஒட்டிக்கொண்டது.
எடுக்கட்டுமா என்றேன்.
அதன் மேலேயே தூரிகையை நடத்தினாள்.
இறக்கை இருந்த இடம் இப்போதும் இருக்கிறது,
விரலுக்குத்தான் தெரியும்.

என்னதான் இருக்கு இதில், கேட்டேவிட்டேன்.
அஞ்சரைக்கு வரூ என்றாள்.

அன்று சாரல் விட்டிருந்தது.
மலை இடுக்கில் இறங்கிய வெயில்
தகர ஓட்டை வழியே படுக்கையாக நுழைந்தது.
முதலில் எதுவுமில்லை.
இருட்டுக்குப் பழகுகிற மாதிரி
கண் கறுப்புக்குப் பழகியது.
அடியிலிருந்து மெல்லப் பச்சை.
ஒரு பச்சை இல்லை.
ரயில் பாலத்துக்குக் கீழே தேங்கிய தண்ணீரின் பச்சை,
மழைக்கு மறுநாள் பாறையில் இருப்பது,
பேரில்லாத ஒன்று, வந்தது, உடனே போய்விட்டது.
நடுவில், மேலிருந்து கீழே
என் தையல்.

பதினொரு பூச்சுக்கும் அடங்காமல்.

மன்னிச்சுக்கோங்க, தெரியுது என்றேன்.
தெரியட்டும் என்றுதான்
வெயிலுக்குத் திருப்பி வைத்தாளாம்.
அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் நம்ம பக்கம் என்று
நான் ஏதோ ஆரம்பிக்க,
அதெல்லாம் ஒன்றுமில்லை,
தையல் தையல்தான் என்றாள்.

பாலக்காட்டில் காட்சிக்கு வைத்தபோது போனேன்.
டியூப்லைட் வெளிச்சம்.
எல்லாரும் நேராக நின்று பார்த்தார்கள்,
நேராகப் போய்விட்டார்கள்.
நான் ஓரமாய்ப் போய்க் கன்னத்தைச் சுவரில் வைத்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.
காவல்காரர் சத்தம் போட்டார்.
இருந்தது.

நேற்று நாமக்கல் வண்டி ஒன்று கிழிசலோடு வந்தது.
கறுப்பு நூல்தானே,
சட்டுனு போட்டு விடுங்க என்றான் கிளீனர்.
நூல்பெட்டியில் நாலு கறுப்பு இருந்தது.
தார்ப்பாயை வாசல் வெளிச்சத்தில்
சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.