இடக்கோடிப் பூஜ்யம்

"பெட்டி பிரிக்காத சரக்கு, லீதியாளக்கா"
என்று மாஹீன் மேசையில் வைத்தான்.
நாலு குழாய்.
கட்டைவிரல் பருமனுள்ள கண்ணாடிக்குள்
பூஜ்யம் முதல் ஒன்பது வரை
கம்பியில் வளைத்து
ஒன்றன் முதுகில் ஒன்றாய் நிறுத்திய எண்கள்.

நான் முதலில் பார்த்தது பெட்டியின் ஸ்டேப்பிள் பின்னை.
பளபளத்தது.
குளச்சல் காற்றில் ஐம்பது வருஷம் கிடந்தும்
துருப்பிடிக்காத பின்!

பிறகு கால்கள்.
சும்மா கிடந்து பழசாகும் ஈயப்பூச்சு
மங்கிப்போய்ச் சாம்பல் நிறத்தில் இருக்கும்.
இவை மினுங்கின.
லென்ஸில் எல்லாக் கீறலும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருந்தன.
உப்புத்தாள்.
கால் கண்ணாடிக்குள் நுழையும் இடுக்கில்,
தாள் எட்டாத இடத்தில்,
மஞ்சளாய் ஒரு பொட்டுக் குங்கிலியம்.

"ஈயம் வச்சுப் பிடுங்கினதுலே இது."
"அல்லாவாணெ எனக்கு அறிஞ்சூடா.
மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு வீடு.
அவிய பெட்டியோடதான் தந்தாவ."

தக்கலையில் மழை பிடித்துக்கொண்டது.
கரண்டு போவதற்குள்
நூற்றெழுபது வோல்ட் கொடுத்துப் பார்த்தேன்.

முதல் குழாயில் பத்தும் ஒரேபோல் எரிந்தன,
ஒரேபோல் கறுத்தும் இருந்தன.
வலக்கோடியில் நின்று ஓயாமல் மாறியது இது.
அடுத்த இரண்டும் அதற்குக் கொஞ்சம் இளசு.

நாலாவதில்
பூஜ்யம் கரிபிடித்துக் கிடந்தும் முழுசாய் எரிந்தது.
மூன்று பாதி.
ஐந்துக்கு வயிறு மட்டும்.
எட்டுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.
வருஷக்கணக்காய் எரிந்த பூஜ்யம் உதிர்த்த பொடி
எரியாதவை மேல் படிந்திருக்கிறது.

"அப்ப ஒம்பது நம்பர் புதுசுதானக்கா?
பத்துல ஒம்பது பங்கு வெல போடுங்க."
"கெட்டதே அந்த ஒம்பதும்தான்.
ஒழைச்சது நல்லாத்தான் இருக்கு."
அவன் கணக்கை மறுபடியும் மனசுக்குள் போட்டான்.

நாலையும் பழைய வரிசையில் நிறுத்தினேன்.
எதை எண்ணிய பெட்டியோ.
துறைமுகத்து மூட்டைகளை,
அல்லது கருமணல் விடும் கண்ணுக்குத் தெரியாத சிமிட்டல்களை.
எதுவானாலும் ஆயிரத்தைத் தொடவில்லை.
ஒருவர் தினமும் இடக்கோடியில் பூஜ்யத்தைப் பார்த்து
நோட்டில் குறித்துவிட்டு
டீக்குப் போயிருப்பார்.

ஒரு கம்பி மாட்டாமல் விட்டிருந்தேன்.
மாட்டினேன்.

ஒன்று.
உச்சியிலிருந்து அடி வரை
ஓரிடமும் விடாமல் எரிந்தது,
பொடி படிய நேரமே கிடைக்காததுபோல.

சோதனைக்கு ஓட்டியிருப்பார்கள்.
சோதனை என்றால் இரண்டும் மூன்றும் ஏன் எரியவில்லை?

"என்னக்கா?"
"ஒண்ணு" என்றேன்.
"ஒண்ணுமில்லியா?"

ஸ்விட்சை அணைத்தேன்.
பில்லில் எழுதினேன்:
குழாய், நாலு. பழசு.
அவன் வாங்கிப் பார்த்துவிட்டு
மழை விடட்டும் என்று உட்கார்ந்தான்.