பின்சுவர்

வாழைச்சேனைத் துறைமுகத்து ஐஸ் கொம்பனியில்
பழைய பென்குயின் உரிந்துபோயிருந்தது.
வயிற்றில் செங்கல், அலகில் பாசி.
"புதுசொண்டு கீறு மனே, பார்த்தாலே குளிரோணும்"
என்றார் உதுமாலெவ்வை முதலாளி.

போனில் தேடினேன்.
பனியில் வரிசையாய் நின்றதுகளைத் தள்ளித் தள்ளிப் போக
கடைசியில் ஒன்று
பற்றைக்குள் தனியே.
தலையைச் சுற்றி மஞ்சள் நாடா,
கண்ணும் மஞ்சள்.
முதுகுக்குச் சிலேட்டு நீலம்,
காலுக்குச் சிவப்பில் நிறைய வெள்ளை கலந்தேன்.

பனிக்கட்டியில் நிற்காத சாதி இது.
நியூசிலாந்தின் தெற்கே
கரையேறி, காட்டுக்குள் நடந்துபோய்க் கூடு வைக்கும்.
இன்னொரு கூடு கண்ணிற் பட்டால்
அந்த வளவு சரிவராது.
இரண்டு முட்டை,
தாயும் தகப்பனும் மாறி மாறி ஒன்றரை மாதம் அடை.
விடியக் கடலுக்குப் போனது பொழுதுபட வந்து
குஞ்சின் தொண்டைக்குள் மீனைக் கக்கும்.
குஞ்சுக்கு நாடா இல்லை.
ஒரு வருஷம் கடல் அதை விட்டுவைத்தால்
மறுகா வரும் மஞ்சள்.

ஏணியில் நின்று இதையெல்லாம் சொல்ல
ஐஸ் பாளம் தள்ளிக்கொண்டிருந்த வில்வரெத்தினம் கேட்டான்:
"ஆழத்துக்குப் போறதா?"
அடித்தரை வரைக்கும்.
"அப்ப வலையில படும்" என்றான்,
பாளத்திலிருந்து கையை எடுக்காமல்.
படுகிறதுதான்.
எண்ணி முடிக்கலாம் போல மிச்சம்.

முதலாளி வந்து அண்ணாந்து பார்த்தார்.
"என்னடா கண் இது?
செங்கண்மாரி பிடிச்ச பறவையையா
என்ர சுவரில ஏத்திற?"
லொறிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.
அழிக்கச் சொல்லவில்லை அவர்.

அந்தக் கிழமையே வாடை தொடங்கிற்று.
போட்டுகள் கட்டினபடி.
ஐஸ் கேட்க ஆளில்லை, மெசினை நிறுத்திவிட்டார்கள்.
வில்வரெத்தினம் மட்டும் மூன்றாம் நாளும் வந்து
படலையடியில் குந்தியிருந்தான்,
வேலை இல்லை என்று யாரும் இன்னும் சொல்லாத மாதிரி.

அவனுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது.
வருஷத்துக்கொருக்கா
இறகெல்லாம் ஒன்றாய் உதிரும்.
புதுசு முளைக்கும்வரை நனையக்கூடாது.
மூன்று கிழமைக்கு மேலே
கடல் பக்கத்திலிருக்க
பட்டினியாய்க் கரையில் நிற்கும்.

சொல்லவில்லை.
பீடி நீட்டினேன்.
காற்றுக்கு மூன்று குச்சி செலவு.

மஞ்சள் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.
ஆற்றுப் பக்கப் பின்சுவரில்,
முன்னால் நிற்பதன் கண்ணிற் படாத இடத்தில்
இன்னொன்று கீறினேன்.
வில்வரெத்தினம் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

ஒன்றுக்குத்தான் கூலி தந்தார் முதலாளி.