தண்ணீர் நின்ற உயரம்

மூன்று உறைகள். ஒவ்வொன்றிலும்
தாவரத் தனிமைப்படுத்தலின் சிவப்பு முத்திரை.
செகாம்புட் தொழிற்பேட்டை, இரண்டாம் மாடி,
ஏர்கோன் ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருக்கிறோம்.
அங்கே வந்து சேர்ந்தது
பனி உருகும் ஏதோ ஒரு பள்ளத்தாக்கின்
ஒன்றரை மீட்டர் ஆழம்.

ஊர்ப்பெயர் இல்லை, எண் மட்டும்.
உயரம் இரண்டாயிரத்து நூறு மீட்டர்.
ஆண்டின் சராசரி வெப்பம் மூன்று பாகை.
படித்துவிட்டு ஹஸ்னிசா சொன்னாள்:
"என் வீட்டு ஐஸ்பெட்டியில்
சம்பல் டப்பா இருக்கும் தட்டு."

அந்நிய மண்ணை அப்படியே தொடக்கூடாது.
புட்டு அவிப்பதுபோல் நீராவியில் வைத்து
ஆறியபின்தான் பிரித்தேன்.

மேலுறையில் கருத்த மண்,
செத்தும் நூல் கலையாத புல்வேர்கள்.
குளிரில் எதற்கும் மக்க அவசரமில்லை.
இரண்டாவதை நனைத்துப் பிசைந்து
கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினால்
நகத்தளவு நீண்டு ஒடிந்தது.
சல்லடையில் பாதிக்குமேல் கல்.
ஆறு உருட்டி முனை தின்ற கல்,
கொண்டைக்கடலையாய், நெல்லிக்காயாய்,
இரண்டு மட்டும் என் முஷ்டியாய்.
இத்தனை இடுக்கு இருந்தால்
தண்ணீர் நிற்க மனமில்லாமல் இறங்கிப்போகும்.
ஆனாலும் நின்றிருக்கிறது.

சாம்பல் நிறத்தில் துருப்பொட்டுகள்:
அதுதான் சாட்சி.
மூச்சில்லாமல் மூழ்கிக் கிடக்கையில்
இரும்பு தன் நிறத்தை நீரில் விட்டுவிடும்.
நீர் வடிந்ததும்
வேர் விட்டுப்போன துளைவழியே காற்று வரும்,
வந்த இடத்தில் மட்டும் சிவக்கும்.
நிற அட்டையோடு ஜன்னலருகே நின்று
பொட்டுப் பொட்டாய் ஒத்துப் பார்த்தேன்.
மேலிருந்து நாற்பது சென்டிமீட்டர்.
சித்திரையில் அதுவரை ஏறி
ஆடிக்குள் இறங்கியிருக்கும்,
யாரும் பார்க்காத ஆண்டுகளிலும்.

மணி நாலு. மழை.
கோலாலம்பூரில் ஈரத்துக்குப் பருவமில்லை,
நேரம் உண்டு.
எதிரே வெட்டிய சரிவில்
நீலக் கேன்வாஸை மீறிச் செம்மண் ஒழுகி
லோரி டயர்கள்வரை வருகிறது.
அதில் பொட்டில்லை.
எந்த உயரத்திலும் எதுவும் நின்று போனதாய்
ஒரு கோடுகூட இல்லை.
(இதை என்னோடு ஒப்பிடப் போவதில்லை.
அறிக்கையில் அதற்குக் கட்டமில்லை.)

வடிகால்: சற்றே மோசம்.
அது திட்டு அல்ல, வகுப்பின் பெயர்.
புல்லுக்கு ஏற்றது.
அடித்தளத்துக்கு ஏற்றதல்ல.
பரிசோதித்தவர்: இ. வைரமணி.

விருந்தினர் மாளிகை கட்டப்போகிறவர்களுக்காக
கெக் ஹூன் வாசலிலிருந்தே கேட்டார்:
"கட்டலாமா, கூடாதா? ஒரே வார்த்தை."
ஒரே வார்த்தை என்னிடம் இல்லை.
"கோடையில் போய்ப் பார்த்தால்
கட்டலாம் என்றே தோன்றும்" என்றேன்.
அதை எழுத வேண்டாம் என்றார்.

மிச்சத்தை எரிக்க வேண்டும், அதுவும் விதி.
கல்லும் மண்ணும் சேர்த்து அறுநூறு பாகை, ஓர் இரவு.
காலையில் உலையைத் திறந்தால்
சாம்பல் எது, துரு எது, நாற்பது எது,
ஒன்றும் தெரியவில்லை.
எல்லாம் ஒரே சிவப்பு,
எதிர்ச் சரிவின் அதே சிவப்பு.
ஹஸ்னிசா தட்டைப் பார்த்தாள்,
ஜன்னலைப் பார்த்தாள்.
"இனி உள்ளூர்" என்றாள்.
சிரித்தோம். பிறகு
கொஞ்சநேரம் யாரும் எதையும் நிறுக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்துத்தான் கண்டேன்:
எட்டு மில்லிமீட்டர் சல்லடையின் கண்ணில்
ஒரு கல் சிக்கியிருக்கிறது,
தீக்குத் தப்பிய கல்.
தட்டினேன், குச்சியால் நெம்பினேன்,
வரவில்லை.
காஜாங் மண்ணும் ராவாங் மண்ணும்
அதைச் சுற்றிக்கொண்டு விழுகின்றன.
பதிவேட்டில் எழுத வேண்டும்.
நாளைக்கு.