ஊசி குத்திய இடம்

கத்திரியில் மூன்றாம் நாள்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
பானெட்டைத் தொட்ட கை தானாகப் பின்வாங்குகிறது.
நைட் டியூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறார்
சிஸ்டர் நவமணி ஏசுரத்தினம்.
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பாதித் தூக்கம்.
டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்குதான்
பன்னிரண்டு நாளாய்த் தூங்கவேயில்லை.

பெட்ரோல் மூடியைக் காட்பாடியில் மாற்றியாகிவிட்டது.
வால்வைப் பாகாயத்தில். ரசீது இருக்கிறது.
விளக்கு ரசீது படிப்பதில்லை.

ஸ்கேனர் சொல்வது: பர்ஜ் வால்வு, மின்சுற்று.

வெயிலில் டாங்க் விடும் பெருமூச்சைக்
கரி அடைத்த டப்பா ஒன்று குடித்து வைத்துக்கொள்ளும்.
வண்டி ஓடும்போது ஒரு சின்ன வால்வு
டிக் டிக்கெனத் திறந்து
அந்த மூச்சை இன்ஜினுக்கு ஊட்டிவிடும்.
எரிந்துபோகும். ஊருக்கு நாற்றமில்லை.
ராணிப்பேட்டைப் பக்கமிருந்து தோல் ஷெட் காற்று வீசினால்
எந்த நாற்றம் எதுவென்று
எங்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஸ்க்ரூடிரைவர் முனையை வால்வில் ஊன்றி
கைப்பிடியைக் காதில் வைத்தேன்.
பெங்களூர் லாரிகள் கேட்டன.
டிக் கேட்கவில்லை.

காயிலில் இருபத்தாறு ஓம், நல்ல பிள்ளை.
கனெக்டரில் மீட்டர் வைத்தால் பன்னிரண்டு புள்ளி மூன்று.
இதைப் பார்த்துத்தான் பாகாயத்துக்காரர்
பழைய வால்வைப் பலி கொடுத்திருப்பார்.
மீட்டர் பொய் சொல்லாது.
ஆனால் அது கேட்பது நலமா என்று மட்டும்தான்,
மூட்டை தூக்குவாயா என்றல்ல.
ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும்
நலம் என்றுதான் சொல்லும் கம்பி.

இண்டிகேட்டர் பல்ப் ஒன்றைக் குறுக்கே மாட்டினேன்.
இதுதான் மூட்டை.
பீடி நுனிபோல ஒரு சிவப்பு, அவ்வளவுதான்.
மீட்டர் மூன்றரைக்குச் சரிந்தது.

ரிலேயில் பன்னிரண்டும் இருக்கிறது, வால்வில் இல்லை.
நடுவே ஒன்றரை மீட்டர் கம்பி,
அதற்குள் எங்கோ திருட்டு.
பிரித்துக்கொண்டே போனேன்.
பேட்டரித் தட்டுக்குக் கீழே, வளைகிற இடத்தில்
கம்பெனி டேப் முடிந்து வேறு டேப்.
அதன் நுனி முக்கோணமாய் மடிந்திருந்தது,
அடுத்துப் பிரிப்பவருக்கு நகம் மாட்ட வசதியாக.

எனக்குத் தெரிந்து இந்த ரோட்டில்
அப்படி மடிக்கிறவன் நான் ஒருவன்தான்.

இரண்டு வருஷமிருக்கும்.
ஃபேன் ஓடவில்லை என்று இதே வண்டி.
கம்பி தேடி ஊசிமுனையால் குத்தினேன், இது இல்லை.
அடுத்த குத்தில் ஃபேன் கிடைத்துவிட்டது.
கிடைத்த சந்தோஷத்தில்
தப்பாய்க் குத்தியதற்கு ஒரே சுற்று.
இரண்டு ஐப்பசி அந்த ஓட்டையில் இறங்கியிருக்கிறது.
விரலில் உதிர்ந்த செம்பு
பாசிப்பயறு மாவுபோல் பச்சை.

வெட்டி, சேர்த்து, ஈயம் வைத்து, குழாய் சுருக்கி,
மறுபடி காதை வைத்தேன்.
டிக். டிக். டிக்.

"என்னவாம்?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

எலி என்று சொல்லியிருக்கலாம்.
பழிபோட்டால் எந்த எலியும் கேட்க வராது.
நாக்கு 'எ' வரைக்கும் போனது.

"ஊசி குத்தின இடம் சிஸ்டர்.
குத்தினது நான்தான்."

இப்போது கண் திறந்தது.
"குத்திட்டுப் பஞ்சு வெச்சு அழுத்தலையா?"
"டேப் சுத்தினேன்."
"ரெண்டு நிமிஷம் அழுத்தணும்.
புதுசா வர்ற பிள்ளைங்க யாரும் அழுத்தறதில்லை."
கம்பிக்கு ரத்தம் உறையாது என்று சொல்ல வந்து
சொல்லாமல் நின்றேன்.

காசு வேண்டாம் என்றேன்.
சரி என்று உடனே பர்ஸை மூடிக்கொண்டார்,
அது கொஞ்சம் சுருக்கென்றது.

ஸ்கேனரில் விளக்கை அணைத்தேன்.
நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள்,
திரும்ப எரிந்தால் என் நம்பர் இருக்கிறதா?

இருக்கு, என்றார் கியரைப் போட்டபடி,
ரெண்டு வருஷமா.